கரடியை எதிர்த்து நின்ற கிட்டப்பார்வைக்காரர்

கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்காத குழந்தை உண்டா? அந்தப் பொம்மைக்கு டெட்டி என்று பெயர். அது ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் செல்லப் பெயர்.

அவர்தான் தியோடர் ரூஸ்வெல்ட். டெட்டி என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

பொம்மைக் கரடிக்குப் பெயர் கொடுத்த அவர், உண்மைக் கரடியை நேருக்கு நேர் எதிர்த்து நின்றவர். ஒரு தடவை, துப்பாக்கியில் கடைசித் தோட்டா மட்டும் மிஞ்சியிருந்தபோது கரடி அவர் மீது பாய்ந்தது.

இழுப்பு நோய்

1858-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி நியூயார்க் நகரில் ரூஸ்வெல்ட் பிறந்தார். பணக்காரக் குடும்பம். ஆனால், பணத்தால் மூச்சை வாங்க முடியவில்லை. சின்ன வயதிலேயே இழுப்பு நோய் வந்துவிட்டது. பல இரவுகளில் படுக்க முடியாது. மூச்சுத் திணறும்போது தகப்பனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடப்பார். சில சமயம் நடு இரவில் குதிரை வண்டி பூட்டி, காற்று வாங்க அழைத்துப் போவார்.

உடம்பைத் தேற்றாவிட்டால் அறிவு இருந்தும் பயன் இல்லை என்று தகப்பனார் எடுத்துச் சொன்னார். வீட்டிலேயே தேகப்பயிற்சி செய்ய இடம் அமைத்துக் கொடுத்தார். பையன் விடாமல் பழகினான்.

13 வயதில் ஒரு துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. அப்போதுதான் ஒரு புதுச் சங்கதி தெரிய வந்தது. கூட வந்த பையன்கள் பறவைகளைக் குறி பார்த்துச் சுட்டார்கள். ரூஸ்வெல்டுக்கோ பறவையே தெரியவில்லை. தூரத்தில் இருந்த விளம்பரப் பலகையை மற்றவர்கள் படித்தார்கள். இவருக்கு எழுத்து இருப்பதே தெரியவில்லை!

மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்டார்கள். உலகம் இத்தனை அழகா என்று பையன் வியந்து போனான். ஆனால், கண்ணாடி போட்ட பிறகும் அவர் பெரிய குறிகாரர் ஆகிவிடவில்லை. தாம் சுமாராகச் சுடுகிறவர்தான் என்பதை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் இரண்டு சாவு

1884-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே நாளில், 14-ந் தேதி, பெற்ற தாயார் இறந்தார். அதே நாள், அதே வீட்டில், மனைவி ஆலிஸும் கண்ணை மூடினார். ரூஸ்வெல்டுக்கு அப்போது வயது 25.

குழந்தையை அக்காளிடம் ஒப்படைத்தார். மேற்கே, டக்கோடா பிரதேசத்துக்குப் போய்விட்டார். அங்கே மாட்டுப் பண்ணை நடத்தினார். கண்ணாடி போட்ட பட்டணத்துப் பிள்ளையை மாடு மேய்ப்பவர்கள் நாலு கண்ணன் என்று கேலி செய்தார்கள். அவர்களோடு சேர்ந்து பகலெல்லாம் குதிரை மீது இருந்தார். கேலி அடங்கிவிட்டது.

அது என்ன துப்பாக்கி?

1885-ல் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. மான் தோல் உடுப்பு, இடுப்பில் கத்தி, கையில் துப்பாக்கியுடன் ரூஸ்வெல்ட் நிற்கிறார். காட்டில் எடுத்த படம் அல்ல. நியூயார்க்கில், ஸ்டூடியோவுக்குள் எடுத்தது! படம் நன்றாக விழவேண்டும் என்றோ என்னவோ, மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டார்.

அந்தத் துப்பாக்கியின் விசைக்குக் கீழே, விரல்கள் நுழையும் அளவுக்கு ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. அதுதான் நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுக்குள் போய் உட்காரும். கண் இமைக்கும் நேரத்தில் அடுத்த வேட்டுக்குத் தயார். இது வின்செஸ்டர் கம்பெனியின் துப்பாக்கி.

வின்செஸ்டரில் பல மாடல்கள். பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். 1873-ம் ஆண்டு மாடலின் உடம்பில், இரண்டு பக்கமும் ஒவ்வோர் இரும்புத் தகடு பொருத்தியிருக்கும். 1876-ம் ஆண்டு மாடலும் அதே அமைப்புதான். ஆனால் உடம்பு பெரிது. காரணம், தோட்டா பெரிது. 1873 மாடலில் கைத்துப்பாக்கி அளவுத் தோட்டாதான் போடலாம். அது மானுக்குப் போதும். கிரிஸ்லி என்னும் பெருங்கரடிக்குப் போதாது.

ரூஸ்வெல்ட் கையில் இருந்தது 1876 மாடல். அதன் தோட்டாவுக்கு 45-75 என்று பெயர். குண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு. மருந்து 75 கிரெயின், அதாவது சுமார் 5 கிராம்.

1884 செப்டம்பரில் வயோமிங் பிரதேசத்தின் பிக்ஹார்ன் மலைக்குப் போனார். மெரிபீல்டு என்ற பண்ணைக்காரர் துணை. பைன் மரக் காட்டில் கரடியின் கால்தடத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்தார்கள். திடீரென்று ஒரு புதர் ஓரத்தில், மிகக் கிட்டத்தில், கிரிஸ்லி எழுந்து நின்றது. ரூஸ்வெல்ட் சுட்டார். குண்டு இரண்டு கண்களுக்கும் நடுவே பாய்ந்தது. ஒரே வேட்டு, கரடி விழுந்தது. சுமார் குறிகாரருக்கு அன்று நல்ல நாள்.

தனியாக ஒரு மாலை

எல்லா நாளும் நல்ல நாளாக இருக்குமா?

1886-ல் வின்செஸ்டர் கம்பெனி இன்னொரு மாடல் கொண்டுவந்தது. யூட்டா பிரதேசத்தில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருந்த ஜான் பிரவுனிங் கண்டுபிடித்தது. இதன் உடம்பில் பக்கத் தகடு கிடையாது. ஒரே கெட்டி இரும்பு. சுடும்போது இரண்டு எஃகுக் கட்டைகள் செங்குத்தாக எழும்பி உள்ளே பூட்டிக்கொள்ளும். ஆகையால் இன்னும் பலமான தோட்டாவைத் தாங்கும். ரூஸ்வெல்ட் பிறகு இந்த மாடலுக்கு மாறினார். தோட்டா 45-90. மருந்து சுமார் 6 கிராம். குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் குழாயைப் பாதி நீளமாக வைத்துக்கொண்டார். துப்பாக்கி கனம் குறையும். ஆனால் நான்கு தோட்டாதான் பிடிக்கும்.

1889-ம் ஆண்டு இடாஹோ மலைகளில் வேட்டை. வழிகாட்டியாக வந்த கிழவருக்குக் குடிப்பழக்கம். தகராறு முற்றி இருவரும் பிரிந்தார்கள். ரூஸ்வெல்ட் ஒரு குதிரையோடு தன்னந்தனியாகப் புறப்பட்டார். ஊரில் இரண்டாவது மனைவி எடித் கர்ப்பமாக இருந்தார். மூத்த பெண்ணுக்கு 5 வயது. மகனுக்கு 2 வயது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். கிரிஸ்லி ஒன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து போவதைக் கண்டார். சுட்டார். குண்டு விலாவில் ஏறி நுரையீரலுக்குப் போனது. கரடி உறுமிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. அவர் புதருக்குள் நுழையவில்லை. சுற்றி வந்து எட்டிப் பார்த்தார். அதுதான் புத்திசாலித்தனம்.

கரடி வெளியே வந்து திரும்பிப் பார்த்தது. இரண்டாவது குண்டு இதயத்தின் முனையைக் கிழித்தது. அப்போதும் விழவில்லை. அவரை நோக்கி நேராக ஓடி வந்தது! விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் ஏறியபோது மூன்றாவது குண்டு மார்பில் பாய்ந்தது. கரடி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

இருந்தது ஒரே தோட்டா. நெற்றியைக் குறி வைத்தார். குறி தாழ்ந்துவிட்டது. திறந்த வாய்க்குள் புகுந்து தாடையை நொறுக்கியது. விசையை இழுத்த கையோடு பக்கவாட்டில் தாவினார். கரிமருந்துப் புகை கண்ணை மறைத்தது. புகைக்குள்ளிருந்து கரடியின் முன்னங்கால் அவரை அறைய வந்தது. மயிரிழையில் தப்பினார்.

வந்த வேகத்தில் கரடி அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் பரபரவென்று இரண்டு தோட்டாக்களைத் திணித்தார். ஆனால், சுட வேண்டிய அவசியம் வரவில்லை. கரடி தள்ளாடி, உருண்டு விழுந்து உயிர் விட்டது. ஒவ்வொரு வேட்டுக்கும் தோட்டாவைக் கையால் எடுத்துப் போடும் பழைய துப்பாக்கியாக இருந்தால், அன்று அவர் இரண்டு தடவை சுட்டிருந்தாலே அதிகம்.

அக்டோபரில் மகன் கெர்மிட் பிறந்தான்.

கட்டிப்போட்ட கரடி

1901-ல் ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டார். உப ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 42 வயதில் ஜனாதிபதி ஆனார்.

1902 நவம்பரில் மிசிசிப்பி மாகாணத்தில் கரடி வேட்டை. இது கிரிஸ்லி அல்ல, சிறிய கருங்கரடி. வேட்டையை நடத்தியவர் ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்து, பெரும் வேட்டைக்காரராகப் பெயர் எடுத்த கறுப்பர். அவருடைய நாய்கள் ஒரு கரடியை மடக்கின. ஜனாதிபதி அருகில் இல்லை. கரடி ஒரு நாயைக் கொன்றது. முதல் வேட்டு ஜனாதிபதிக்கு உரியது என்பதால் காலியர் சுடவில்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கரடியின் தலையில் அடித்தார். கயிறு போட்டு மரத்தில் கட்டினார். வீரம் என்றால் இதுவும் வீரம்தான்!

ரூஸ்வெல்ட் வந்து பார்த்தார். கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்துவிட்டார். அது பலமான அடிபட்டுத் துடித்ததால், கத்தியால் கொன்று வேதனையைத் தீர்க்கச் சொன்னார். இதைப் படமாக வரைந்தார் பெரிமன் என்ற கார்ட்டூன் ஓவியர். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் நவம்பர் 16-ந் தேதி வெளிவந்தது. புருக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மிச்டம் தம்பதிகள் அதைப் பார்த்துத் துணிக் கரடி தைத்து விற்றார்கள். டெட்டி பொம்மை பிறந்தது.

அவரை ஜீவகாருண்யர் என்று சொல்லிவிட முடியாது. 1909-ல் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஏராளமான மிருகங்களைச் சுட்டார். அங்கே கொண்டுபோனது 1895 மாடல் வின்செஸ்டர். அதற்குக் குழாய் கிடையாது. விசைக்கு முன்னால் பெட்டி போன்ற அறை இருக்கும். குழாயில் ஒரு தோட்டாவின் மூக்கு அடுத்த தோட்டாவின் அடியில் இடிக்கும். கூர்மையான குண்டு போட்டால் உள்ளேயே வெடிக்கக்கூடும். பெட்டியில் அந்தப் பயம் இல்லை. ஆனாலும், நாடெங்கும் 150 தேசியக் காடுகளையும் 5 தேசியப் பூங்காக்களையும் தம் ஆட்சியில் ஏற்படுத்தியவரும் அவர்தான்.

1912 அக்டோபர் 14-ந் தேதி மில்வாக்கி நகரில் ஒருவன் அவரை மார்பில் சுட்டான். சட்டைப் பையில் 50 பக்கப் பிரசங்கமும், இரும்பு மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன. குண்டின் வேகத்தை அவை குறைத்தன. ரத்தம் கசியக் கசிய ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குண்டை எடுப்பது ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். 1919 ஜனவரி 6-ந் தேதி, 60-வது வயதில், தூக்கத்தில் அவர் இறந்தபோதும் அது மார்பிலேயே இருந்தது.