ஒரே கிளிக்கில் ‘சினிமாட்டிக் லுக்’... அந்த லுக் பிறந்த இருட்டறையும் எல்.வி.பிரசாத்தும்!

கோவளம் கடற்கரையில் காலை ஏழு மணிக்கு ஒரு ஷாட். கேளம்பாக்கம் உப்பளம் பக்கம் பதினொரு மணிக்கு இன்னொன்று. முட்டுக்காட்டில் சாயங்காலம் மூன்றாவது. எல்லாமே ஒரே நாள், ஒரே ஜோடி, ஒரே கேமரா. ஆனா எடிட்டிங்கில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்று வேறு நாளில் எடுத்த மாதிரி இருக்கும். முதல் ஷாட்டில் மஞ்சள், அடுத்ததில் கண் கூசும் வெள்ளை, கடைசியில் நீலம்.

உடனே என்ன செய்வோம்? டாவின்ச்சி ரிசால்வைத் திறந்து ரெடிமேடாக இருக்கும் ஒரு ‘லட்’டைப் போட்டுவிடுவோம். அந்த வரிசையில் ‘கோடக் 2383’ என்று ஒன்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது ஏதோ ஃபில்டருக்கு வைத்த பெயர் இல்லை. தியேட்டருக்கு அனுப்பும் பிரிண்டை லேப்கள் போட்ட நிஜ ஃபிலிம் சுருளின் எண். சாஃப்ட்வேர் இன்று காப்பி அடிப்பது அந்த ஃபிலிமின் குணத்தைத்தான். தமிழ் சினிமாவுக்கு அந்த வேலை நடந்த முக்கியமான இடங்களில் ஒன்று, சாலிகிராமத்தில் இருந்த பிரசாத் லேப்.

அதைத் தொடங்கியவர் எல்.வி.பிரசாத். முழுப்பெயர் அக்கினேனி லட்சுமி வர பிரசாத ராவ். ஆந்திராவில் ஏலூரு பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1908-ல் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை, நாடகப் பைத்தியம். 17 வயதுக்குள் கல்யாணம். அப்பாவுக்குக் கடன் கழுத்தை நெரிக்க, ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பம்பாய்க்குப் போய்விட்டார்.

அங்கே ஒரு சினிமா கம்பெனியில் எடுபிடி வேலை. தியேட்டர் வாசலில் நின்ற காலமும் உண்டு. நடுவில் கிடைத்த சின்னச் சின்ன வேஷங்கள்தான் ஆச்சரியம். இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ (1931), தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ (1931), தெலுங்கின் ‘பக்த பிரகலாதா’ (1932)... மூன்றிலும் அவர் இருந்தார். பிறகு இயக்குநரானார். 1949-ல் ‘மன தேசம்’ படத்தில் என்.டி.ராமராவை அறிமுகப்படுத்தினார். நமக்கு ‘மனோகரா’ (1954), ‘மிஸ்ஸியம்மா’ (1955) என்று சொன்னால் போதும்.

கலர் பக்கம் வருவோம். 1952-ல் அவர் இயக்கிய ‘கல்யாணம் பண்ணிப்பார்’ கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனா சில காட்சிகள் மட்டும் கேவாகலரில் வந்தன. கேமரா, மார்கஸ் பார்ட்லி. ‘மாயாபஜார்’ நிலவொளிக்காக இன்றும் பேசப்படும் அதே பார்ட்லி. முழுநீளத் தமிழ் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வருவதற்கு நான்கு வருஷம் முன்பு இது. அப்போதெல்லாம் கலர் என்றாலே அலைச்சல்தான். 1959-ல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ டெக்னிகலர் பிரிண்டுக்கு லண்டன் வரை போக வேண்டியிருந்தது.

1976-ல், 68 வயதில், பிரசாத் ஃபிலிம் லேபைத் தொடங்கினார். ரிட்டயர் ஆகிப் பேரன்களோடு விளையாட வேண்டிய வயது! சென்னையில் கலர் லேப் வைத்த முதல் ஆள் அவர் இல்லை. ஜெமினி கலர் லேப் முன்பே இருந்தது. ஆனா தேசிய விருதில் ஃபிலிம் பிராசசிங்குக்கு என்றே ஒரு பிரிவு இருந்த காலத்தில், பிரசாத் லேபின் பெயர் அதில் பலமுறை வந்தது.

அந்த இருட்டறையில் நடந்தது என்ன? எடிட் முடிந்த நெகட்டிவ் கிரேடரிடம் வரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களை அவர் முடிவு செய்வார். அளவு 1 முதல் 50 வரை, நடுவே 25. பிரிண்டர் மெஷின் ஒவ்வொரு கலர் வெளிச்சத்தையும் அந்த எண்ணுக்கு ஏற்ப விடும். இதில் ஒரு தலைகீழ் கணக்கு உண்டு: பிரிண்ட் போடும்போது சிவப்பு வெளிச்சத்தைக் கூட்டினால் திரையில் சிவப்பு குறையும். அதை மனசுக்குள்ளேயே திருப்பிப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல கிரேடர்.

ஹீரோயின் முகத்தை மட்டும் கொஞ்சம் பிரைட் பண்ணு, வானத்தை அப்படியே விடு என்பதெல்லாம் அங்கே நடக்காது. எண்ணை மாற்றினால் மொத்த ஃபிரேமும் மாறும். ‘அன்டூ’ பட்டனும் கிடையாது. பிரிண்டை டெவலப் செய்து, திரையில் ஓட்டிப் பார்த்து, மறுபடி எண்ணை மாற்றி, மறுபடி பிரிண்ட். அதனால் கிரேடரின் முதல் கவலை ‘லுக்’ இல்லை, மேட்சிங்தான். காலை ஷாட்டும் மாலை ஷாட்டும் ஒரே காட்சியாகத் தெரிய வேண்டும். கோவளம் - உப்பளம் பிரச்சினைக்கும் இதே வரிசைதான்: முதலில் ஷாட்களை ஒன்றோடொன்று மேட்ச் பண்ணுங்கள், அப்புறம் லட். மேட்ச் ஆகாத மூன்று ஷாட்மேல் ஒரே லட்டைப் போட்டால், மூன்றும் மூன்று விதமாகத்தான் கெட்டுப்போகும்.

பிரசாத் கிரேடர் இல்லை, அதற்கான கூரையைப் போட்டவர். அந்தக் கூரையின் கீழே எண்களைக் குறித்த பலரின் பெயர்கள் டைட்டில் கார்டில் வரவே இல்லை. லேபின் பெயர் மட்டும் வந்தது.

அவர் முகம் 80ஸ் கிட்ஸ்களுக்குப் பழக்கம். ‘ராஜபார்வை’யில் (1981) பார்வையற்ற கமலைக் காதலிக்கும் மாதவிக்குத் தாத்தாவாக வருவாரே, அவரேதான். 1982-க்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. ஹைதராபாத்தில் 1987-ல் தொடங்கிய எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை, அவர் தந்த நிலத்திலும் பணத்திலும் எழுந்தது.

1994 ஜூன் 22-ல் பிரசாத் காலமானார். அதன்பின் நெகட்டிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் கலர் பார்க்கும் ‘டிஐ’ வந்தது. பிறகு ஃபிலிமே போய்விட்டது. இன்று படம் தியேட்டருக்கு ஃபைலாகத்தான் போகிறது. ஆனாலும் கோடம்பாக்கத்தில் ஒரு படத்தை முழுசாக முடித்துக் கொடுக்க ஒப்பந்தம் போட்டால், அதற்கு இன்னும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ அடிப்படை என்றுதான் பெயர்.