ஊசி முனையில் உயர்ந்தவர்

மேலைநாட்டுப் பெண்கள் விருந்துகளுக்கு அணியும் நீண்ட கவுன்களைப் படங்களில் கண்டு வியக்கிறோம் அல்லவா? அவற்றிற்குப் புது வடிவம் தந்தவர்களுள் ஒருவர் மதலேன் வியோனே அம்மையார். 1876-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் எளிய குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி, ஆயினும் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தையல் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. லண்டனிலும் பாரிசிலும் தொழில் பயின்று, 1912-இல் சொந்த நிலையம் தொடங்கினார்.

அவர் வளர்ந்த காலத்தில் பெண்கள் இடுப்பை இறுக்கும் கச்சையால் மூச்சுத் திணறினர். அம்மையாரோ பண்டைக் கிரேக்கரின் தளர்ந்த ஆடைகளைக் கண்டு மகிழ்ந்தார். சிறு மரப்பொம்மை மீது துணியைச் சுற்றிப் பார்த்து, இழைக்குச் சாய்வாக வெட்டினார். தையல் வகுப்பில் நாம் கிராஸ் கட்டிங் என்கிறோமே, அதுதான்! துணி சற்றே இழுபட்டுக் கொடுத்து, கச்சையின்றியே உடலோடு இசைந்து தழைந்து விழுந்தது.

தாம் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. 1,000 பேருக்கு மேல் பணியாற்றிய அவரது நிலையத்தில், சட்டம் வருமுன்பே சம்பளத்துடன் விடுமுறை அளித்தார். மருத்துவரும் பல் மருத்துவரும் குழந்தைகள் காப்பகமும் அங்கேயே இருந்தன. போலிகளைத் தடுக்க, ஆடைகளில் தைக்கும் முத்திரைத் துணியில் தம் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார்.

1939-இல் நிலையத்தை மூடிய அம்மையார் 1975-இல் மறைந்தார். இனி ஊசியில் நூல் கோக்கும்போது, தையற்காரப் பெண்களின் நலம் பேணிய இவரை நினைத்துக்கொள்வோம்.