முடி தேடிய இளவரசரும் விலைபோகாத ஏழைகளும்

உரோமாபுரியில் புனித இராயப்பர் பேராலயத்தினுள் நுழைந்து இடப்புறமாகச் செல்வோர், வெண்சலவைக் கல்லாலான நினைவுச் சின்னமொன்றைக் காண்பர். மூடிய கதவின் இருமருங்கிலும் வானதூதர் இருவர் தலைகுனிந்து நிற்கின்றனர். மேலே ஒரு தந்தையின் முகமும் அவருடைய இரு மைந்தரின் முகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. மூவரும் அரச குலத்தவர். மூவரில் ஒருவரேனும் முடிசூடியதில்லை. மூத்த மைந்தர்தாம் சார்ள்ஸ் எட்வேட் ஸ்ருவேட்.

அவருடைய பாட்டனாரான இரண்டாம் யேம்ஸ் மன்னர் கத்தோலிக்கர். 1688இல் அவர் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து அரியணைகளை இழந்தார். கத்தோலிக்கர் எவரும் அரசாள முடியாதென 1701இல் இங்கிலாந்தில் சட்டமும் பிறந்தது. ஜேர்மனியின் ஹனோவர் குலத்தவரிடம் முடி சென்றது. அரியணைக்கு உரிமை கோரிய சார்ள்சின் தந்தை, பாப்பரசரின் ஆதரவில் உரோமாபுரியில் வாழ்ந்தார். அங்கேயே 1720 மார்கழி 31ஆம் நாள் சார்ள்ஸ் பிறந்தார். தாயார் கிளெமெந்தினா, 1683இல் வியன்னா நகரைத் துருக்கியரிடமிருந்து காத்த போலந்து மன்னர் சோபியெஸ்கியின் பேர்த்தி, பக்தி மிகுந்தவர். மைந்தருக்குப் பதினான்கு வயதாயிருக்கையில், 1735இல், அவர் இறைவனடி சேர்ந்தார்.

தந்தையின் முடியை மீட்பதொன்றே வாழ்வின் இலட்சியமென எண்ணி வளர்ந்த சார்ள்ஸ், 1745இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். துணைக்கு வந்த கப்பல் வழியில் ஆங்கிலக் கப்பலுடன் மோதிச் சேதமுற்றுத் திரும்பிவிட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய தோழர்களுடன் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவொன்றிலே கரையிறங்கினார். திரும்பிப் போகும்படி குலத் தலைவர்கள் சிலர் புத்தி கூறினர். அவர் கேட்கவில்லை. ஆவணி 19இல் கிளென்பின்னன் பள்ளத்தாக்கில் கொடி ஏற்றப்பட்டது. மலைநாட்டுக் கத்தோலிக்கரின் ஆயரான ஹியூ மக்டொனால்ட் அதனை ஆசீர்வதித்தார்.

ஆனால் இதனைச் சமயப் போரென்று கருதுவது தவறு. இளவரசரின் படையில் கத்தோலிக்கர் சிறுபான்மையினரே. பெரும்பாலானோர் எப்பிஸ்கோப்பல் சபையினர். எதிர்த்தரப்பிலும் ஸ்கொட்லாந்தியர் பலர் நின்றனர். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமுமாக நின்ற குடும்பங்களும் உண்டு.

தொடக்கத்தில் வெற்றிமேல் வெற்றி கிட்டியது. எடின்பரோ நகர் வீழ்ந்தது. புரட்டாதி 21இல் பிறஸ்ரன்பான்ஸ் களத்திலே அரச படை சில நிமிடங்களில் சிதறியது. மார்கழி முற்பகுதியில் இளவரசர் இலண்டனுக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டேர்பி வரை முன்னேறினார். எனினும் எதிர்பார்த்த பிரெஞ்சுப் படை வரவில்லை. ஆங்கிலேயரும் திரண்டு எழவில்லை. தளபதிகள் வற்புறுத்த, அவர் மனமின்றித் திரும்பினார்.

1746 சித்திரை 16ஆம் நாள் இன்வர்னெஸ் நகரருகேயுள்ள கலோடன் வெளியிலே இறுதிப் போர் நிகழ்ந்தது. முதல்நாள் இரவு பகைவர் பாசறையைத் திடீரெனத் தாக்கப் புறப்பட்டு, விடியுமுன் அடைய முடியாமல் திரும்பிய வீரர்கள், பசியாலும் தூக்கமின்மையாலும் வாடியிருந்தனர். ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அவர்களை, ஏறக்குறைய எண்ணாயிரம் பேருடன் கம்பலன்ட் கோமகன் எதிர்கொண்டார். வாளுடன் ஓடிய மலைநாட்டவரைச் சேற்று நிலம் தடுத்தது, பீரங்கிகள் வீழ்த்தின. ஒருமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. சார்ள்சின் தரப்பில் 1,500 பேருக்குக் குறையாமல் மடிந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர். அரச தரப்பில் மாண்டோர் 50 பேரெனக் கணக்கிடப்பட்டது. களத்தில் கிடந்த காயக்காரரும் இரக்கமின்றிக் கொல்லப்பட்டனர்.

இளவரசர் தப்பியோடினார். அவருடைய தலைக்கு 30,000 பவுண் விலை வைக்கப்பட்டது. அந்நாளில் அது ஒரு குலம் முழுவதுமே செல்வத்தில் மிதக்கக்கூடிய தொகை. ஐந்து மாதங்கள் அவர் குகைகளிலும் குடிசைகளிலும் ஒளிந்திருந்தார். அவரை அறிந்த ஏழைகள் பலர். கஞ்சிக்கே வழியற்ற அவர்களில் ஒருவரேனும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. புரட்டஸ்தாந்துப் பெண்ணான புளோரா மக்டொனால்ட், அவருக்குப் பணிப்பெண் வேடமிட்டு ஸ்கை தீவுக்குப் படகிற் கொண்டுசென்றார். அதற்காகச் சிறையும் சென்றார். புரட்டாதியில் பிரெஞ்சுக் கப்பலொன்று இளவரசரை ஏற்றிச் சென்றது.

அவர் போய்விட்டார், மக்கள் எங்கே போவார்கள்? வீடுகள் எரிந்தன, கால்நடைகள் பறிபோயின. நூற்றுக்கு மேற்பட்டோர் கொலைத்தண்டனை பெற்றனர். நூற்றுக்கணக்கானோர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். மலைநாட்டு உடை அணிந்தாலே ஆறுமாதச் சிறை என்ற சட்டம் 1782 வரை நீடித்தது. காயமுற்றோருக்கு ஆன்ம பணி புரிந்த யேசுசபைக் குரு அலெக்சாந்தர் கமறன், தேம்ஸ் நதியில் நின்ற சிறைக்கப்பலில் நோயுற்று மரித்தார். கிளென்லிவெற் மலையிடுக்கில் இரகசியமாய் இயங்கிய ஸ்காலன் குருமடம் தீக்கிரையாக்கப்பட்டது.

சார்ள்சின் பிற்கால வாழ்வு பரிதாபமானது. 1748இல் பிரான்ஸ் அவரை வெளியேற்றியது. 1750இல் இரகசியமாக இலண்டன் சென்று, முடி கிட்டுமென்ற ஆசையில் அங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். முடி கிட்டவில்லை. பின்னர் தாய்ச் சபைக்கே மீண்டார். 1766இல் தந்தை இறந்தபோது பாப்பரசர் 13ஆம் கிளெமெந்துகூட அவரை அரசரென ஏற்கவில்லை. குடிப்பழக்கம் அவரை ஆட்கொண்டது. அவருடைய கொடுமை தாங்காது மனைவி லூயிஸ் 1780இல் பிரிந்து சென்றார். முன்பு அவர் புறக்கணித்திருந்த மகள் சார்லட்டே இறுதிக் காலத்தில் அவரைப் பராமரித்தார். 1788 தை மாத முடிவில் உரோமாபுரியில் அவர் மரித்தார்.

அரச மரியாதையுடன் உரோமாபுரியில் அடக்கம் செய்ய அனுமதி கிட்டவில்லை. பிரஸ்காத்தி மறைமாவட்டப் பேராலயத்தில் இரங்கற் பூசையை ஒப்புக்கொடுத்தவர், அவருடைய தம்பி கர்தினால் ஹென்றி. 1747இல் தம்பி கர்தினாலானபோது, தமது அரச கனவுக்குக் குறுக்கே வந்ததாகச் சினந்து, நெடுங்காலம் முகங்கொடாதிருந்தார் அண்ணன். அதே தம்பியின் கைகளே அவருக்கு இறுதி மன்றாட்டைச் செலுத்தின. 1807இல் ஹென்றியும் மரித்தபின் அவ்வரச மரபு முற்றுப்பெற்றது.

எரிந்துபோன ஸ்காலன் குருமடமோ மீண்டும் எழுந்தது. 1799 வரை அங்கே நூற்றுக்கு மேற்பட்ட குருக்கள் உருவாயினர். 1878இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் ஸ்கொட்லாந்தின் மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவினார். அரச வாள் தர முடியாததை, மலையிடுக்கில் ஒளிந்து படித்த சிறுவர்கள் தந்தனர்.

முடிக்காக மறையை மாற்றத் துணிந்த இளவரசரை உலகம் பாட்டிலும் கதையிலும் போற்றுகிறது. முப்பதினாயிரம் பவுணுக்கும் மனச்சாட்சியை விற்காத அந்த ஏழைகளுட் பலரின் பெயர்கள் எந்தச் சலவைக்கல்லிலும் இல்லை. முப்பது வெள்ளிக்காசின் கதையை அறிந்த நமக்கு, உண்மையான அரச குலத்தவர் யாரென்று சொல்லவும் வேண்டுமோ?