திறந்து பார்த்தவர் ஜி.டி. நாயுடு

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி போன்ற ஊர்களில் பழைய மாருதி ஆம்னி வேன்களை இன்றும் காணலாம். அவற்றின் என்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டுமானால் இருக்கையைத் தூக்கி, கை எளிதில் நுழையாத இடுக்கில் நீண்ட ஸ்பேனரைச் செலுத்த வேண்டும். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைச் சுற்றிப் படிந்த தூசியை முதலில் ஊதி அகற்ற வேண்டும். புதிய பிளக்கைத் தொடக்கத்தில் விரலாலேயே திருக வேண்டும். அவசரப்பட்டு ஸ்பேனரால் முறுக்கினால் மரை சிதைந்து, சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரமாகிவிடும்.

பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலைதான். ஆனாலும், பட்டம் பெற்றவர்கள்கூட இருக்கையைத் தூக்கிப் பார்க்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சிறிதும் இல்லாத ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார்.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைக் கவர்ந்தது. கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற பொறியியல் கல்லூரி.

1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அவரே ஓட்டுநர். அந்த ஒற்றைப் பேருந்திலிருந்து வளர்ந்ததுதான் அவருடைய யு.எம்.எஸ். நிறுவனம். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார். சவரக் கத்தி முதல் மலிவு விலை வானொலி வரை அவர் கை வைக்காத பொருள் குறைவு.

1945-இல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. பாடத்திட்டத்தைச் சுருக்கிப் பட்டறைப் பயிற்சியால் குறைந்த காலத்திலேயே பொறியாளர்களை உருவாக்க முடியும் என்று அவர் கருதினார். நான்காண்டுப் படிப்பே வேண்டும் என்ற அரசின் நிலைப்பாட்டுடன் அவரால் ஒத்துப்போக முடியவில்லை, விலகினார். 1974 ஜனவரி 4-இல் அவர் மறைந்தார்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் மறையவில்லை. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் பெறும் மாணவர் எத்தனை என்ஜின்களைத் தம் கையால் பிரித்திருப்பார்? இன்றைய கார்களில் கணினி நுழைந்துவிட்டது, எல்லாவற்றையும் வீட்டில் பழுது பார்க்க இயலாது என்பது உண்மையே. அதனால்தான், வாங்கியவருக்கே பழுது நீக்கும் உரிமை வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுகிறது. மத்திய அரசும் இதற்கென 2022-இல் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஆனால், திறந்து பார்க்கும் பழக்கமே அற்றுப்போன சமூகத்தில் அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும்.

அடுத்த முறை வண்டி திக்கித் திணறும்போது, பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டு அந்த இருக்கையைத் தூக்குவோம். மரையில் பிளக் சரியாக அமர்வதை விரல் நுனியில் ஒருமுறை உணர்ந்த பிள்ளைக்கு எந்த இயந்திரமும் அச்சமூட்டாது.