பரங்கிமலையிலிருந்து இமயம் வரை



நம் படப்பையிலும் ஒரகடத்திலும் வயல்கள் மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவரும் இந்நாளில், சர்வேயர் என்ற சொல்லை அறியாத வீடே இல்லை எனலாம். வரப்போரத்துச் சர்வே கல் ஓரடி தள்ளி நடப்பட்டாலும் போதும், அண்ணன் தம்பிக்குள்ளேயே வழக்கு வந்துவிடும். ஓரடி நிலத்துக்கே இந்தப் பாடு என்றால், பரந்த இந்த நாட்டையே பிழையின்றி அளக்கப் புறப்பட்டவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார்! அவர்தான் வில்லியம் லாம்ப்டன். அவர் தம் முதல் கோட்டை அளக்கத் தொடங்கிய இடம் வேறெங்கோ இல்லை. நாம் திருயாத்திரை செல்லும் புனித தோமையார் மலையின் அருகேதான், அதாவது பரங்கிமலையில்தான்.

இங்கிலாந்து நாட்டின் யார்க்ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்ப்டன். இளமையில் இராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கா சென்றார். 1781-இல் யார்க்டவுன் போரில் கைதியானார். பின்னர் கனடா நாட்டின் குளிர்மிகுந்த காடுகளிடையே பல ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே அவருக்குத் துணையாயிருந்தவை கணித நூல்களே. சூரிய கிரகணத்தை உற்று நோக்கியதால் ஒரு கண் பழுதுபட்டது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை.

நாற்பது வயதைக் கடந்த பின்னரே அவர் இந்தியா வந்தார். 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரின்போது, இருளில் நடந்த படை வடக்கே செல்வதற்குப் பதிலாகத் தெற்கே எதிரியை நோக்கிச் செல்வதை விண்மீன்களைப் பார்த்தே கண்டுபிடித்துத் தளபதியிடம் சொன்னார். போர் முடிந்ததும், தென்னிந்தியாவின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அளக்க அனுமதி கேட்டார். சென்னை அரசு இசைந்தது.

இதற்கென அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானி இங்கிலாந்திலிருந்து கப்பலேறியது. வழியில் பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைப் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். ஆனால் அது அறிவியல் கருவி என்று அறிந்ததும் பகை பாராட்டாமல் சென்னைக்கு அனுப்பி வைத்தனர்!

1802 ஏப்ரல் 10-ஆம் நாள். கொளுத்தும் வெயிலில் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடு. நூறடி நீள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அடிக்கடி வெப்பமானியைப் பார்த்து அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அந்த மயிரிழை வேறுபாட்டையும் அவர் கணக்கில் சேர்த்தார். ஏழரை மைலுக்கு 57 நாட்கள் பிடித்தன.

அந்த ஒரு கோடு எதற்கு? நீங்கள் வடிவகணிதத்தில் படித்ததுதான். முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படிக் குன்றிலிருந்து குன்றுக்கு முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே மேற்குக் கரை வரை சென்றார். தீபகற்பத்தின் அகலம் இங்கே ஏறத்தாழ 360 மைலே என்றும், பழைய வரைபடங்கள் 40 மைல் மிகையாகக் காட்டின என்றும் அப்போதுதான் தெளிந்தது.

எனினும் அவர் தம் கணக்கைத் தாமே நம்பிவிடவில்லை. 1804-இல் பெங்களூர் அருகே ஏழு மைல் தூரத்தை மீண்டும் சங்கிலியால் அளந்து, கணக்கோடு ஒப்பிட்டார். வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு! தேர்வுத் தாளைத் திரும்பப் பார்க்காமலே கொடுத்துவிடும் நமக்கு இது எத்துணை நல்ல பாடம்!

1808-இல் பெருஞ்சோதனை வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்துக்குத் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பார். லாம்ப்டனோ கூடாரத்துக்குள் அமர்ந்து, வளைந்துபோன அதன் வட்டத்தை ஆறு வாரங்களில் சிறிது சிறிதாகத் தாமே நிமிர்த்தினார். பிறகு குமரிமுனை வரை அளந்துவிட்டு வடக்கே திரும்பினார். 1823 ஜனவரி 20-ஆம் நாள், ஐதராபாத்திலிருந்து நாகபுரி செல்லும் வழியில், ஹிங்கன்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதையொட்டி இருக்கும். அவர் கல்லறை அங்கேதான் உள்ளது.

அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். 1841-இல் இமயத்தின் அடிவாரம் வரையான அளவை நிறைவுற்றது. அந்த அளவைகளைக் கொண்டு வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் கணக்கிட்டு, உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கண்டார். 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020-இல் செயற்கைக்கோள் உதவியோடு அறிவிக்கப்பட்ட 8,848.86 மீட்டருக்கும் அதற்கும் வேறுபாடு சுமார் 9 மீட்டரே. சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் கிட்டியது. தொடங்கி வைத்த லாம்ப்டனின் பெயரை அறிந்தோர் சிலரே.

ஒன்றை மறைக்கலாகாது. நாட்டை ஆளவும் படை நடத்தவும் வரைபடம் வேண்டுமென்றே கம்பெனி இதற்குப் பணம் தந்தது. பூமியின் வடிவத்தை அறியும் ஆவலே லாம்ப்டனை இழுத்தது. சங்கிலி பிடித்தவர்களும், கொடி ஏந்திக் குன்றேறியவர்களும், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களும் நம் நாட்டு ஏழைகளே. அவர்கள் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டாமா?

ஏப்ரல் 10 இன்று தேசிய நில அளவை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அடுத்த முறை தோமையார் மலைக்குச் செல்லும்போது, ஆலயத்தில் மன்றாடிய பின் ஒரு நிமிடம் தெற்கே பெரும்பாக்கம் பக்கம் திரும்பிப் பாருங்கள். இமயத்தின் உச்சியை அளந்த கணக்கு, இங்கே வெயிலில் கிடத்திய ஒரு சங்கிலியில்தான் தொடங்கியது. மாணவியரே, முதல் கோட்டைப் பிழையின்றி அளப்போம். மற்றவை தாமே நேராகும்.