சிறுமலரின் சிறிய வழி

இறைவனிடம் குழந்தையைப்போல் நம்பிக்கை கொள்வது துன்பம் அறியாத உள்ளங்களுக்கே கைகூடும் என்று சிலர் எண்ணுவதுண்டு. பிரான்ஸ் நாட்டில் 24 ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த ஒரு கிறிஸ்தவத் துறவியின் வாழ்க்கை இவ்வெண்ணத்தை மாற்றிவிடுகிறது. கத்தோலிக்கர்கள் 'சிறுமலர்' என்று அன்புடன் அழைக்கும் லிசியே நகரத்துப் புனித தெரசாவே அவர்.

1873 ஜனவரி 2-ஆம் நாள் அலான்சோன் நகரில் லூயி மார்ட்டின், செலி தம்பதியருக்குக் கடைசி மகளாகத் தெரசா பிறந்தார். நான்கரை வயதில் தாயை இழந்தார். குடும்பம் லிசியேவில் குடியேறியது. தாயின் இடத்தில் வைத்து நேசித்த அக்காள் பொலீன் 1882-இல் அவ்வூர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட, சிறுமி தெரசா மீண்டும் ஒருமுறை தாயை இழந்ததுபோல் தவித்தார். அடுத்த ஆண்டு கடும் நோயுற்றார். எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடும் அவரது இயல்பு 1886 கிறிஸ்துமஸ் இரவில்தான் மாறியது. அது தம் முயற்சியால் அன்று, இறையருளால் நிகழ்ந்தது என்றே அவர் கருதினார்.

பதினைந்து வயதிலேயே துறவு மேற்கொள்ள விரும்பினார்; வயது போதாதென்று மறுத்தனர். 1887 நவம்பரில் தந்தையுடன் ரோம் சென்றபோது, போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோவிடம் யாரும் பேசலாகாது என்ற கட்டளையையும் மீறி, அவர்முன் மண்டியிட்டு அனுமதி கேட்டார். இறைவன் திருவுள்ளமானால் நடக்கும் என்ற பதிலே கிடைத்தது. 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் மடத்தின் கதவு அவருக்குத் திறந்தது.

மடத்தில் அவர் அற்புதங்கள் எதையும் நிகழ்த்தவில்லை. தியானத்தின்போது அருகிலிருந்த சகோதரி எழுப்பிய ஓசையைப் பொறுத்துக்கொண்டார். துணி துவைக்கையில் இன்னொருவர் தம் முகத்தில் தெறித்த அழுக்கு நீரை விலக்காமல் ஏற்றார். பிரார்த்தனையில் உறங்கிவிட்டாலும் அவர் மனம் சோரவில்லை. விழித்திருக்கும் பிள்ளையைப் போலவே உறங்கும் பிள்ளையும் பெற்றோருக்கு இனியதல்லவா!

மகான்கள் ஏறிய நெடிய படிகளில் தம்மால் ஏற இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அக்காலத்தில் செல்வர் இல்லங்களில் லிஃப்ட் வரத் தொடங்கியிருந்தது. படியேற முடியாத தம்மை இயேசுவின் கரங்களே லிஃப்டைப்போல் தூக்கிச் செல்லும். அதற்குத் தாம் வளரவேண்டியதில்லை, சிறியவராகவே இருந்தால் போதும் என்று தெளிந்தார். இதுவே அவரது 'சிறிய வழி'.

இந்த நம்பிக்கைக்குப் பெரும் சோதனை வந்தது. 1896-இல் புனித வெள்ளிக்கு முந்தைய இரவு அவர் இருமியபோது வாயில் ஏதோ பொங்கி வந்தது. விளக்கை அணைத்துவிட்டிருந்ததால் விடியும்வரை அமைதியாகக் காத்திருந்தார். காலையில் கைக்குட்டையில் இரத்தம் தெரிந்தது. காசநோய்! விரைவில் இறைவனை அடையலாம் என்று மகிழ்ந்தார். ஆனால் சில நாட்களிலேயே உள்ளத்தில் இருள் கவிந்தது. பரலோகம் உண்டா என்ற ஐயம் ஓயாமல் வாட்டியது. பிரார்த்தனையில் இனிமை இல்லை, ஒளியும் இல்லை. அப்போதும் அவர் கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். இருளில் தாயின் முகம் தெரியாதபோதும் அவள் கையை விடாத குழந்தையாக இருந்தார்.

இருள் விலகாமலே சுமார் பதினெட்டு மாதங்கள் கழிந்தன. 1897 செப்டம்பர் 30-ஆம் நாள், இறைவன்மீது தமக்குள்ள அன்பைச் சொல்லியபடியே தெரசா உயிர் நீத்தார்.

மடத்துத் தலைவியரின் பணிப்பால் அவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகள் 1898-இல் 'ஓர் ஆன்மாவின் கதை' என்ற நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவின. 1925-இல் அவர் புனிதராகவும், 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார்.

குழந்தைக்குத் தன் பலத்தில் நம்பிக்கை இல்லை; தன்னைத் தாங்குபவரிடமே நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இனிய அனுபவங்கள்கூடத் தேவையில்லை என்பதைத் தெரசாவின் இறுதி மாதங்கள் காட்டுகின்றன. பிரார்த்தனை வறண்டுபோகும் நாட்களில், சாதகர்கள் நினைவில் கொள்ளத்தக்க வாழ்க்கை இது.