வேலியோரப் பூக்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில் ஆவிரையும் தும்பையும் யாரும் நடாமலே பூக்கின்றன. மணமேடைக்கு மல்லிகையையும் சாமந்தியையும் விலைகொடுத்து வாங்குவோர் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கபிலர் அப்படிக் கருதவில்லை. இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணையாற்றில் உள்ள குன்றொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய அப்புலவர், காந்தளுக்கும் குவளைக்கும் தந்த இடத்தையே ஆவிரைக்கும் தும்பைக்கும் பூளைக்கும் தந்தார். கடல்கடந்த நாட்டில், இருபதாம் நூற்றாண்டில், அத்தகைய பார்வையைச் செல்வர் மாளிகைக்குள் கொண்டுசென்றவர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்னும் பெண்மணி. பூ ஒப்பனையையே தம் தொழிலாகக் கொண்டவர் அவர்.

1886 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்தின் டெர்பி நகரில் எளிய நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். அயர்லாந்தில் வளர்ந்து, அங்குள்ள ஊர்ப்புறப் பெண்களுக்கு முதலுதவியும் நோயாளரைப் பேணும் முறையும் கற்பித்தார். 1910இல் நடந்த திருமணம் இனிதாக அமையவில்லை. 1916இல் மகனை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பினார். கணவரைப் பிரிந்த பெண்ணை ஊர் ஏசிய காலம் அது. 1921 முதல் கிழக்கு இலண்டனில், தொழிற்சாலைகளில் உழைத்த வளரிளம் பெண்கள் வேலைக்கிடையே பயின்ற பள்ளியொன்றின் தலைமையாசிரியராக இருந்தார். சமையலும் தையலும் கற்ற அப்பெண்கள், அவரிடம் பூக்களை அழகுற அமைக்கவும் கற்றனர்.

நிலையான அப்பணியைத் துறந்து, நாற்பது வயதைக் கடந்தபின், 1929இல் சிறிய பூக்கடை ஒன்றைத் திறந்தார். துணிவுதான்! இலண்டனின் பழைய பாண்டு தெருவில் இருந்த நறுமணப் பொருள் கடையொன்றின் கண்ணாடி மாடத்தை அலங்கரிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. விலையுயர்ந்த பூக்களை மட்டும் எதிர்பார்த்திருந்த நகரத்தார், வேலியோரக் கொடிகளும் காட்டுப்பூக்களும் அங்கே அரசுபோல் வீற்றிருக்கக் கண்டு வியந்தனர். முட்டைக்கோசு இனத்துக் கீரையிலையை ரோசாவுக்குப் பக்கத்தில் வைத்தார். காய்ந்த விதைக்கூடுகளையும் விட்டுவைக்கவில்லை. சமையலறைத் தட்டும் குழம்புக் கிண்ணமும் அவர் கையில் பூச்சாடிகளாயின. வீட்டில் உள்ளதைக் கொண்டே எவரும் இதைச் செய்யலாம் என்பதைத் தம் நூல்களில் விளக்கினார். அவருடைய புகழுக்குச் செல்வர்களின் ஆதரவைவிட இந்நூல்களே பெரிதும் துணைநின்றன எனலாம்.

1934இல் அவர் கடை செல்வர் வாழும் மேஃபேர் பகுதிக்கு மாறியது. அங்கே எழுபது பேர் பணியாற்றினர். பூ ஒப்பனை கற்பிக்கும் பள்ளியும் உருவாயிற்று. எட்டாம் எட்வர்டு முடிதுறந்து மணந்த வாலிஸ் சிம்ப்சனின் திருமணம் 1937இல் பிரான்சில் நடந்தது. அரச குடும்பத்தார் ஒருவரும் செல்லாத அம்மணவிழாவுக்குக் கான்ஸ்டன்சே சென்று பூ அலங்காரம் செய்தார். அரண்மனையைச் சார்ந்தோரையும் வாடிக்கையாளராகக் கொண்டிருந்தவருக்கு இஃது எளிய முடிவன்று. போர்க்காலத்தில் பூவை ஒதுக்கிவைத்து, தோட்டத்தில் காய்கறி விளைவித்துச் சமைக்கும் வழியை எழுதினார்.

அரண்மனை அவரை ஒதுக்கிவிடவில்லை. 1947இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்திற்கும், 1953இல் அவருடைய முடிசூட்டு விழாவிற்கும் மலர்ப்பணி அவரிடமே வந்தது. அவ்விழாவின் விருந்தையும் அவரும் ரோஸ்மேரி ஹியூமும் நடத்திய பள்ளி ஏற்றது. அயல்நாட்டு விருந்தினருக்கு அன்று படைத்த கோழியுணவில் நம் நாட்டுச் சுவையை நினைவூட்டும் கறிமசாலாப் பொடியும் கலந்திருந்தது!

கான்ஸ்டன்ஸ் 1960 ஜனவரி 3 அன்று மறைந்தார். பிறர் மறந்துவிட்ட பழைய ரோசா வகைகளைத் தேடித்தேடி வளர்த்தவர் அவர். மறு ஆண்டு, டேவிட் ஆஸ்டின் என்பார் தாம் உருவாக்கிய இளஞ்சிவப்பு ரோசாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார். ஆண்டுக்கு ஒருமுறையே பூக்கும் அச்செடி இன்றும் தோட்டங்களில் வளர்கிறது.